படிவமும் கோவையும்

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்புவோர் பலர். அக்குமிழுக்குப் பின்னால் நிகழ்வதை அறிந்தோர் சிலர். அறியாமையால் அவர்களுக்கு யாதொரு குறையும் நேர்வதில்லை. பழைய வானொலிப் பெட்டியில் குமிழ் திரும்பும்போது அதனோடு பொருத்தப்பட்ட மின்தேக்கியின் தகடுகளும் உடன் திரும்பும்; நிலையம் மாறும். கைக்கும் கருவிக்கும் இடையே மூன்றாமவர் எவரும் இல்லை. கணினி வலையமைப்புகளை நிருவகிக்க இன்று பயன்படும் திரைகளிலும் ஆளிகளும் பெட்டிகளும் பொத்தான்களும் படங்களாக வரையப்பட்டிருக்கின்றன. பார்வைக்கு அவை வானொலிக் குமிழின் உடன்பிறப்புகளாகவே தோன்றும். ஆயின் அப்பொத்தானை அழுத்தும்போது எந்தத் தகடும் திரும்புவதில்லை. எங்கோ ஒரு கோவையில் ஒரு வரி எழுதப்படுகிறது. அந்த வரியை வேறொரு மென்பொருள் வாசித்து, அதன்படி நடக்கிறது. திரை எழுதுகிறது, எழுத்து ஆள்கிறது. இவ்வுண்மையை உணர்ந்தவர்க்கு அத்திரை சிறந்த துணைவன். மறந்தவர்க்கு அதுவே இடருக்கு வழி. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், வலையமைப்பு மென்பொருள் என்பது யாது? ஒரு பாடசாலையிலோ அலுவலகத்திலோ இருபது கணினிகள் இருப்பதாகக் கொள்ளலாம். அவை ஒவ்வொன்றுக்கும் எண் முகவரி வழங்க ஒரு மென்பொருள் வேண்டும். ஒரு பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுக்க இன்னொன்று வேண்டும். கோவைகளையும் அச்சுப்பொறிகளையும் பொதுவில் பகிர்ந்துகொள்ள மற்றொன்றும், மின்னஞ்சல்களைப் பெற்று உரியவரிடம் சேர்க்க வேறொன்றும், வெளியார் நுழையாது காக்க ஒன்றும் வேண்டும். இவையாவும் பெரும்பாலும் சேவையகம் எனப்படும் ஒரு கணினியில், முன்னால் எவரும் அமர்ந்திராத நிலையில், இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும். தாம் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யலாகாது என்பதை அவை தொடங்கும் வேளையில் தத்தமக்குரிய அமைவுக் கோவையை வாசித்து அறிந்துகொள்கின்றன.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டில் தொடங்கிய யூனிக்ஸ் பணிசெயல் முறைமையும், அதன் வழியைப் பின்பற்றி எழுந்த லினக்ஸும் இந்த அமைவுக் கோவைகளைச் சாதாரண எழுத்திலேயே வைத்திருக்கின்றன. மனிதன் வாசிக்கக்கூடிய எழுத்து. எந்தப் பதிப்பியைக் கொண்டும் திருத்தத்தக்க எழுத்து. இதனால் விளையும் நன்மைகள் பல. கோவையைப் படியெடுத்து வேறிடத்தில் காக்கலாம். நேற்றைய படியையும் இன்றைய படியையும் ஒப்பிட்டு, எந்த வரி மாறியது என்று காணலாம். எல்லாவற்றிலும் மேலாக, வரிகளுக்கிடையே குறிப்புகள் எழுதலாம். ‘இவ்வச்சுப்பொறி மாடிக்கு மாற்றப்பட்டது, பழைய பெயரை நீக்கவேண்டாம்’ என்று ஒருவர் எழுதி வைத்துச் சென்றால், அடுத்து வருபவர் அதனை வாசித்துக் காரணத்தை அறிந்துகொள்வார். கணினிக்கு அக்குறிப்பு தேவையில்லை. அது அதனைத் தாண்டிச் செல்லும். குறிப்பு மனிதனுக்காக மனிதன் எழுதுவது. ஆதலின் அமைவுக் கோவை ஒரு கட்டளைத்தாளாக மாத்திரமன்றி, ஓர் அலுவலகத்தின் நினைவேடாகவும் விளங்குகிறது.

இந்நன்மைகளுக்கு ஒரு விலையும் உண்டு. எழுத்துக் கோவை எள்ளளவு பிழையையும் பொறுப்பதில்லை. பெயர்களை எண்களாக்கித் தரும் பெயர்முறை மென்பொருளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொடக்க காலத்தில் வலையமைப்பிலிருந்த கணினிகள் அனைத்தின் பெயர்களும் ஒரே பட்டியலில் பேணப்பட்டன. பட்டியல் பெருகித் தாங்கமுடியாத நிலை ஏற்பட்டபோது, 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் புதிய முறையை வகுத்தார். அதன்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் எல்லைக்குட்பட்ட பெயர்களைத் தானே பேணலாம். இம்முறையை நடைமுறைப்படுத்தும் ‘பைன்ட்’ என்னும் மென்பொருள் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று; உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது.

பைன்டின் பெயர்க்கோவையில் முழுப்பெயர் ஒன்றை எழுதினால், அதன் இறுதியில் ஒரு புள்ளி இடுதல் வேண்டும். புள்ளி விடுபட்டால், அப்பெயர் முழுமையடையவில்லை என்று மென்பொருள் கருதி, நிறுவனத்தின் பெயரை அதன் வாலில் மீண்டும் ஒட்டிவிடும். விளைவு, உலகில் இல்லாத ஒரு பெயர். அப்பெயர் மின்னஞ்சல் சேவையகத்தின் பெயராயின், அந்நிறுவனத்துக்கு வரும் அஞ்சல்கள் வழிதெரியாது நிற்கும். இன்னொரு விதியும் உண்டு. கோவையின் தலைப்பகுதியில் ஒரு தொடர் எண் இருக்கும். திருத்தம் செய்யுந்தோறும் அவ்வெண்ணைக் கூட்டுதல் வேண்டும். கூட்ட மறந்தால், துணைச் சேவையகங்கள் ‘ஏதும் மாறவில்லை’ என்று எண்ணிப் பழைய பெயர்களையே வழங்கிக்கொண்டிருக்கும். திருத்தியவரோ தாம் திருத்தியது சரியாக இருப்பதைக் கண்டும், ஒருசாராருக்குப் பழையதே கிடைப்பது ஏன் என்று விளங்காது திகைப்பார். ஒரு புள்ளி, ஓர் எண். இவற்றால் வீணான மனித உழைப்பு சிறிதன்று.

அஞ்சல் மென்பொருள்களுள் பழையதாகிய ‘சென்ட்மெயில்’ இவ்வகையில் இன்னும் பெயர்பெற்றது. பேர்க்லியைச் சேர்ந்த எரிக் ஓல்மன் ஆக்கிய அம்மென்பொருளின் அமைவுக் கோவை, குறியீடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, பழகியவரும் அஞ்சும் தோற்றத்துடன் விளங்கிற்று. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் இதற்கென்றே தேர்ந்த நிபுணர்கள் இருந்தவரை இக்கடினம் பெரிதாகத் தோன்றவில்லை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்ட பின்னர் நிலைமை மாறிற்று. விலை குறைந்த கணினியிலும் யூனிக்ஸ் வகைச் சேவையகத்தை நிறுவுதல் எளிதாயிற்று. சிறு வணிகர், பாடசாலை ஆசிரியர், நூலகர் ஆகியோரும் சேவையக நிருவாகிகளாயினர். அவர்களுக்குப் புள்ளியின் இலக்கணத்தைக் கற்பிக்க அருகில் எவரும் இல்லை. இத்தேவையிலிருந்தே படிவத் திரைகள் பிறந்தன.

1990களில் இத்தகைய கருவிகள் பல தோன்றின. கனடாவைச் சேர்ந்த ஜாக் ஜெலினா ஆக்கிய ‘லினக்ஸ்கொன்ஃப்’ அவற்றுள் ஒன்று. அது எழுத்துத் திரையிலும் படத் திரையிலும் வலை உலாவியிலும் ஆக மூன்று வடிவங்களில் இயங்கிற்று. மற்றொன்று ‘சம்பா’ மென்பொருளோடு வந்த ‘சுவாட்’. விண்டோஸ் கணினிகளும் யூனிக்ஸ் கணினிகளும் கோவைகளைப் பகிர்ந்துகொள்ள உதவுவது சம்பா. அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆன்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991ஆம் ஆண்டின் இறுதியில் அதனைத் தொடங்கினார். சுவாட் அச்சம்பாவை வலை உலாவி வழியாக அமைப்பதற்குரிய கருவி. மூன்றாவது, அவுஸ்திரேலியரான ஜேமி கமெரன் 1997ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் முதன்முதலாக வெளியிட்ட ‘வெப்மின்’. முன்னைய இரண்டும் வழக்கொழிந்தன. வெப்மின் இன்றும் வளர்ந்துவருகிறது.

வெப்மின் செயற்படும் முறையை அறிந்தால் ஏனையவற்றின் இயல்பும் விளங்கும். பேர்ள் மொழியில் எழுதப்பட்ட அது, தனக்கென ஒரு சிறு வலைச் சேவையகத்தையும் உடன் கொண்டிருக்கிறது. அச்சேவையகம் வழக்கமாக 10000 என்னும் துறை எண்ணில் காத்திருக்கும். நிருவாகி எந்தக் கணினியிலிருந்தும் உலாவியைத் திறந்து, அம்முகவரியை இட்டு, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உட்புகலாம். இடப்பக்கத்தில் துறைவாரியான பட்டியல் தோன்றும். பெயர்முறைக்கு ஒரு பகுதி, சம்பாவுக்கு ஒரு பகுதி, வலைத்தளங்களுக்கு ஒரு பகுதி, அஞ்சலுக்கு ஒரு பகுதி என அவை வகுக்கப்பட்டிருக்கும். புதிய கணினி ஒன்றுக்குப் பெயரிட விரும்பினால், பெயர்முறைப் பகுதியைத் திறந்து, நிறுவனத்தின் பெயரைத் தெரிந்து, படிவத்தில் கணினியின் பெயரையும் எண்ணையும் இட்டு, சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். வெப்மின் அக்கணமே பெயர்க்கோவையைத் திறக்கும். உரிய இலக்கணத்தில் புதிய வரியைச் சேர்க்கும். மேலிருக்கும் தொடர் எண்ணையும் தானே கூட்டும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. சேமித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பைன்ட் தான் முன்னர் வாசித்ததையே இன்னும் நினைவில் வைத்திருக்கும். புதிய வரியை அது வாசிக்க வேண்டுமாயின், ‘அமைவைச் செயற்படுத்துக’ என்னும் பொருள்பட நிற்கும் வேறொரு பொத்தானையும் அழுத்துதல் வேண்டும். புதிதாகப் பழகுவோர் பலர் முதற் பொத்தானோடு நின்றுவிட்டு, கருவி பழுதுபட்டது என்று முடிவு செய்வதுண்டு. கருவியில் பழுதில்லை. எழுதுதல் ஒரு செயல். எழுதியதை நடைமுறைக்குக் கொணர்தல் மற்றொரு செயல். சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் அமுலுக்கு வரும் நாள் வேறாக இருப்பதைப் போன்றதே இது. திரைக்குப் பின்னே ஒரு கோவை இருக்கிறது என்பதை அறிந்தவர் இரண்டாம் பொத்தானின் காரணத்தை எவரும் சொல்லாமலே உணர்ந்துகொள்வார்.

இத்தகைய கருவிகளின் நன்மையைக் குறைத்து மதிப்பிடல் தகாது. புள்ளியும் அரைப்புள்ளியும் விடுபட்டதால் வரும் துன்பங்கள் பெரிதும் நீங்குகின்றன. எந்தெந்த அமைவுகள் இருக்கின்றன என்பதைத் திரையே காட்டுவதால், கற்போர்க்கு அது ஒரு பாடநூலாகவும் அமைகிறது. அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கவும் அது வழிசெய்கிறது. யூனிக்ஸ் உலகில் ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனர்க்குத் தடையேதுமில்லை. அவர் எதனையும் அழிக்கலாம். ஒரு பகிர்வைச் சேர்க்க வேண்டிய எழுதுவினைஞருக்கு அந்தத் தலைமைக் கடவுச்சொல்லைக் கொடுப்பது, அஞ்சல்தலை வாங்க அனுப்பும் பையனிடம் இரும்புப் பெட்டியின் திறப்பைக் கொடுப்பதற்கு ஒப்பானது. வெப்மினிலோ, இன்னாருக்கு இன்ன பகுதி மட்டும் என்று வரையறுக்கலாம். யார், எப்பொழுது, எதைச் செய்தார் என்பதைப் பதிவேட்டில் குறித்து வைக்கவும் செய்யலாம்.

எனினும் எல்லாப் படிவத் திரைகளும் ஒரே தரத்தன அல்ல. அவற்றின் தரத்தை அறிய உதவும் முதலாவது உரைகல், அவை கோவையை நடத்தும் விதமே. சுவாட், சம்பாவின் அமைவுக் கோவையைத் திருத்தும்போது அதனை முழுவதுமாகப் புதிதாக எழுதிற்று. வரிகளின் ஒழுங்கு மாறிற்று. மனிதர் எழுதி வைத்த குறிப்புகள் யாவும் அழிந்தன. வேறு கோவைகளை உள்ளே சேர்க்கும் கட்டளைகளும் நீங்கின. இதனை அதன் கையேடே எச்சரிக்கையாகக் குறிப்பிட்டிருந்தது. ஆயின் கையேட்டை வாசியாது பொத்தானை அழுத்தியவரின் நிலை என்ன? பல ஆண்டுகளாகச் சேர்ந்த குறிப்புகள், காரணங்கள், எச்சரிக்கைகள் யாவும் ஒரு கணத்தில் மறைந்தன. சம்பா முன்போலவே இயங்கியது. ஆதலால் இழப்பும் உடனே புலப்படவில்லை. அலுவலகத்தின் நினைவேடுதான் வெறுமையாயிற்று.

வெப்மின் வேறு நெறியைக் கடைப்பிடித்தது. தனக்கென மறைவான களஞ்சியம் எதையும் வைத்துக்கொள்ளாது, மென்பொருள் வாசிக்கும் அதே கோவையையே அது திருத்துகிறது. மாற்ற வேண்டிய வரியை மட்டும் மாற்றி, தான் அறியாத வரிகளையும் குறிப்புகளையும் தீண்டாது விட முயல்கிறது. ஆதலின் காலையில் கையால் எழுதியவரும் மாலையில் படிவத்தில் எழுதுபவரும் ஒரே கோவையில் முரணின்றிப் பணியாற்றலாம். ஜெர்மனியின் சூசே நிறுவனம் தன் லினக்ஸில் முன்னர் கையாண்ட வழி மூன்றாவது. அதன் கருவி, தான் இறுதியாக எழுதிய கோவையின் சரிபார்ப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளும். மறுமுறை எழுத வரும்போது அவ்வெண் பொருந்தாவிடின், மனிதக் கை பட்டிருக்கிறது என்று உணர்ந்து, அக்கோவையை அப்படியே விட்டு, தன் யோசனையை வேறொரு கோவையாக அருகில் வைக்கும். மூன்று கருவிகள்; மூன்று பண்புகள். ஒன்று பிறர் எழுத்தை அழித்தது. ஒன்று பிறர் எழுத்தின் அருகே அமைதியாக எழுதுகிறது. ஒன்று ஐயம் நேர்ந்தபோது ஒதுங்கி நின்றது. மேசையைப் பகிர்ந்து பணியாற்றும் மனிதரிடத்தும் இம்மூன்று குணங்களைக் காண்பது அரிதன்று.

இரண்டாவது உரைகல் பாதுகாப்பு. வலை வழியே சேவையகத்தை ஆளும் திரை, அச்சேவையகத்துக்கு ஒரு புதிய வாயிலைத் திறக்கிறது. நிருவாகி எங்கிருந்தும் வரலாம் என்றால், மற்றவரும் அவ்வாயில்வரை வரலாம் என்பது அதன் மறுபக்கம். அவ்வாயிலில் நிற்கும் மென்பொருள் கோவைகளைத் திருத்தவேண்டியிருப்பதால், பெரும்பாலும் தலைமைப் பயனரின் முழு அதிகாரத்தோடு இயங்குகிறது. எனவே அதில் ஒரு சிறு விரிசல் இருப்பினும் வீடு முழுவதும் பறிபோகும்.

சுவாட்டின் முடிவு இதற்கு ஒரு சான்று. 2013ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அதன் இரு குறைகள் வெளியிடப்பட்டன. முதலாவது வருமாறு: நிருவாகி சுவாட்டில் உட்புகுந்திருக்கும் வேளையில் வேறொரு தீய வலைப்பக்கத்தையும் திறந்தால், அப்பக்கம் அவர் அறியாமலே நிரப்பப்பட்ட படிவம் ஒன்றைச் சுவாட்டுக்கு அனுப்பலாம். படிவம் நிருவாகியின் உலாவியிலிருந்து வருவதால், அவரே அனுப்பினார் என்று கருவி நம்பிவிடும். இரண்டாவது, உண்மைத் திரையைக் கண்ணுக்குத் தெரியாதபடி வேறொரு பக்கத்தின்மேல் பரப்பி, ஒன்றை அழுத்துவதாக எண்ணி மற்றொன்றை அழுத்தச் செய்யும் சூழ்ச்சி. ஒரு கடிதத்துக்குக் கீழே கரித்தாளையும் அதற்குக் கீழே வேறோர் உறுதியையும் மறைத்து வைத்து, ஒருவரிடம் கையொப்பம் வாங்குவதற்கு இதனை ஒப்பிடலாம். இக்குறைகள் திருத்தப்பட்டன. ஆயினும் அக்கருவியைத் தொடர்ந்து பேணுவதற்கு ஆள் இல்லாத நிலையில், அதே ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த சம்பா 4.1 பதிப்பிலிருந்து சுவாட் முற்றாக நீக்கப்பட்டது. பேணுவாரற்ற கதவைத் திறந்து வைத்திருப்பதினும் சுவராக்கிவிடுதல் நன்று என்று அதனை ஆக்கியோர் கருதினர் போலும்.

வெப்மினுக்கு நேர்ந்தது இன்னும் ஆழ்ந்த பாடம். அதன் மூல எழுத்து எவரும் பார்வையிடக்கூடியவாறு பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூலத்திலிருந்து பயனர்க்கு வழங்கும் பொதிகளைக் கட்டுவதற்கு வேறொரு கணினி இருந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் அக்கட்டுமானக் கணினிக்குள் எவரோ புகுந்து, கடவுச்சொல் மாற்றும் பகுதியில் ஒரு கள்ளவழியை எழுதிச் சேர்த்தனர். கோவையின் நாள்நேரக் குறிப்பையும் அவர்கள் பின்னோக்கித் திருத்தி வைத்தமையால், ஒப்பீட்டில் மாற்றம் புலப்படவில்லை. 1.890 என்னும் பதிப்பு அக்கள்ளவழியோடு வெளிவந்தது. பின்னர் அக்கோவை பொதுக் களஞ்சியத்திலிருந்த நல்ல படியால் மாற்றப்பட்டது. ஆயின் யூலை மாதத்தில் மீண்டும் அதே கோவை திருத்தப்பட்டது. இம்முறை, காலாவதியான கடவுச்சொல்லை மாற்றும் வசதியை இயக்கி வைத்திருந்தோருக்கு மட்டுமே இடர் நேரும் வகையில் அது எழுதப்பட்டிருந்தது. செப்டெம்பரில் பழைய கட்டுமானக் கணினி கைவிடப்பட்டுப் புதியது நிறுவப்பட்டது. எனினும் பழைய கணினியின் காப்புப் படியிலிருந்தே பணி அடைவு புதியதற்கு மாற்றப்பட்டமையால், நஞ்சும் உடன் சென்றது. ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவில் நடைபெற்ற பாதுகாப்பு மாநாடு ஒன்றில் இக்கள்ளவழி பகிரங்கமாயிற்று. சில நாட்களில் 1.930 பதிப்பு வெளியிடப்பட்டு அது நீக்கப்பட்டது.

வெப்மினை ஆக்கியோர் இவ்வரலாற்றை மறைக்கவில்லை. நாள்வாரியாகத் தாமே எழுதி வெளியிட்டனர். இனிமேல் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்ட மூலத்திலிருந்து நேரடியாகவே பொதிகள் கட்டப்படும் என்றும், பழைய கணினி தொட்டிருக்கக்கூடிய கடவுச்சொற்களும் திறப்புகளும் மாற்றப்பட்டன என்றும் அறிவித்தனர். நிகழ்ச்சியின் சாரத்தை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். கள்ளவழி ஊர்மக்கள் கண்ட மூல எழுத்தில் இருந்ததில்லை. எவரும் வாசியாத படியில் இருந்தது. வாசிக்கப்படும் எழுத்துக்கும் நடைமுறையில் ஓடும் எழுத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது; பகை அவ்விடைவெளியில் குடிபுகுந்தது. படிவத்துக்கும் கோவைக்கும் இடையே எந்த இடைவெளி இடர் விளைக்குமோ, அதே இடைவெளி இங்கே கருவியின் பிறப்பிடத்திலேயே காணப்பட்டது.

இச்செய்தி பெரிய சேவையகங்களுக்கு மட்டும் உரியதன்று. இணைய இணைப்புள்ள வீடுகளில் கூடத்து மூலையில் ஒளிவிட்டுக்கொண்டிருக்கும் சிறு பெட்டியும் ஒரு சேவையகமே. உலாவியில் அதன் எண் முகவரியை இட்டால் அதற்கும் ஒரு படிவத் திரை தோன்றும். தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல்லை மாற்றாது விடுவோர் இன்னும் பலர். 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல் அத்தகைய கடவுச்சொற்கள் சில பத்தினை மாத்திரம் துணையாகக் கொண்டு, பெருந்தொகையான இணையக் கமராக்களையும் வீட்டுப் பெட்டிகளையும் தன்வசமாக்கிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி அவற்றின் கூட்டுத் தாக்குதலால், பெயர்முறைச் சேவை வழங்கிய ‘டைன்’ என்னும் அமெரிக்க நிறுவனம் நிலைகுலைந்தது. டுவிட்டர் உள்ளிட்ட புகழ்பெற்ற தளங்கள் பல, பல மணி நேரம் பலருக்கு எட்டாதொழிந்தன.

அந்நிகழ்ச்சியில் மறைந்திருந்த ஒரு செய்தி கவனத்துக்குரியது. அகப்பட்ட கருவிகளுட் சிலவற்றில், உரிமையாளர் படிவத் திரையில் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும் பயனில்லை. தொலைவிலிருந்து எழுத்துவழி உட்புகும் இன்னொரு வாயில் அவற்றில் இருந்தது. அதன் கடவுச்சொல் கருவியின் உள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தது. அப்படியொன்று இருப்பதைப் படிவத் திரை அறியவே இல்லை. முன்கதவுக்குப் புதுப்பூட்டு இட்டவர் நிம்மதியாக உறங்கினார். அவர் வீட்டுக்குப் பின்கதவும் உண்டென்று சொல்வாரில்லை. திரை காட்டுவது முழு வீட்டையன்று, தான் அறிந்த அறைகளை மட்டுமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் படிவத் திரைகளைக் கைவிட்டு, எல்லோரும் கையாலேயே கோவைகளை எழுதுதல் வேண்டுமோ என்று வினவுவோர் இருப்பர். அது விவேகமன்று. கையால் எழுதியவரே புள்ளியை மறந்தார். தொடர் எண்ணைக் கூட்டாது விட்டார். களைத்த மனிதனின் கையினும் களைப்பறியாத கருவியின் கை பல வேளைகளில் நம்பத்தக்கது. பின்வந்த கருவிகளும் முன்னையவற்றின் அனுபவத்தால் பயன்பெற்றிருக்கின்றன. ரெட் ஹட் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த ‘கொக்பிட்’ என்னும் வலைத் திரை இதற்கு எடுத்துக்காட்டு. அது தனக்கெனத் தனிக் களஞ்சியம் வைத்துக்கொள்வதில்லை. உட்புகுந்தவருக்குச் சேவையகம் அளித்த அதிகாரத்தோடு மட்டுமே பணியாற்றுகிறது. கட்டளை வரியில் ஒருவர் செய்த மாற்றத்தைத் தன் திரையிலும் உடனே காட்டுகிறது. திரையும் எழுத்தும் ஒன்றையொன்று மறைக்காது நிற்பதே அதன் குறிக்கோள்.

வேண்டுவது, படிவத்தைப் பயன்படுத்துவோர் கோவையையும் வாசிக்கப் பழகுதலே. இதற்குப் பெரும் புலமை தேவையில்லை. மாற்றம் ஒன்றைச் செய்வதற்கு முன்னர் கோவையின் ஒரு படியை எடுத்து வைக்கலாம். செய்தபின் இரண்டையும் ஒப்பிட்டு, கருவி எந்த வரியை எழுதியது என்று பார்க்கலாம். பத்துமுறை இவ்வாறு பார்த்தவர், பதினோராம் முறை எந்த வரி வரும் என்பதை முன்னரே சொல்லும் ஆற்றல் பெறுவார். பைன்டுக்கும் சம்பாவுக்கும் கோவையைச் சோதித்துப் பிழை கூறும் சிறு கட்டளைகள் உள்ளன. செயற்படுத்தும் பொத்தானை அழுத்துமுன் அவற்றை ஓட்டுதல் நன்று. நிருவாகத் திரையின் வாயிலை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்காது, அலுவலகத்தின் உள் முகவரிகளுக்கு மட்டும் உரித்தாக்குதல் வேண்டும். மறைகுறியாக்கப்பட்ட இணைப்பின் வழியாகவே கடவுச்சொல்லை அனுப்புதல் வேண்டும். கருவியின் புதிய பதிப்பு வெளிவரும்போது காலந்தாழ்த்தாது மாற்றுதலும், பயன்படாத கருவியை நீக்கிவிடுதலும் கடமை.

ஓர் அலுவலகத்தில் படிவத்தை நிரப்பிக் கொடுப்பவர், அது எந்தக் கோவையில் சேர்ந்தது, அதன்மீது என்ன எழுதப்பட்டது என்று கேட்டறிவது வழக்கம். கேட்காதவரின் விண்ணப்பம் எங்கோ கிடந்து உழல்வதும், அவர் பெயரில் அவர் அறியாத ஒன்று எழுதப்படுவதும் உண்டு. கணினியின் முன்னால் அமர்ந்திருப்பவருக்கும் அக்கேள்வி பொருந்தும். பொத்தானை அழுத்தியபின் ‘என்ன எழுதப்பட்டது?’ என்று கேட்பவர், கருவி மாறினாலும், திரை மாறினாலும், ஒருநாள் திரையே இயங்காது நின்றாலும், தம் வலையமைப்பைத் தாமே ஆளும் தகுதியோடிருப்பார்.